கரைமடியில் வந்த ஒன்பதாம் நம்பர்

சிலுவைத்துறையில் கால்பந்துக் கழகம் தொடங்கியபோதே, கழகத்து நோட்டின் முதல் பக்கத்தில், நீல மசி கடல்காற்றில் வெளுத்துப் பச்சையாகிப்போன எழுத்தில், ஒரே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார்கள்: பிடிக்கிறவன் சமைக்கக் கூடாது, சமைக்கிறவன் பிடிக்கக் கூடாது. அது மீனைப் பற்றிய சட்டம் இல்லை. கழகத்தின் முதல் கோச் தன் தங்கச்சி மக்கள் மூன்று பேரையும் மச்சினன் மக்கள் இரண்டு பேரையும் அணியில் சேர்த்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய், பதினொரு கோல் வாங்கி, ஒன்றும் போடாமல் திரும்பி வந்த சாயங்காலம் ஊர் கூடிக் கொதித்து எழுதிய சட்டம். ஆட்டக்காரனைத் தேடிக் கொண்டுவருவது கமிட்டியின் வேலை. வந்தவனைப் பழக்கி ஆட வைப்பது கோச்சின் வேலை. கோச் ஒரே ஒரு ஆளைப் பிடித்தாலும் அன்றிலிருந்து அவர் பிடிக்கிறவர், கோச் இல்லை. ஊருக்குள் அந்தக் கமிட்டிக்கு ஆள்பிடி கமிட்டி என்று பெயர்.

பெர்க்மான்ஸ் அந்த ஊரில் இருபத்திரண்டு வருசம் கோச்சாக இருந்தார். இருபத்திரண்டு வருசமும் விடிவதற்கு முன்னால் மைதானத்துக்கு வந்து, சுண்ணாம்பைக் கரைத்துத் தன் கையாலேயே கோடு போட்டு, பையன்களை ஓட வைத்து, விழ வைத்து, எழ வைத்து, பந்தை நெஞ்சில் வாங்கச் சொல்லிக்கொடுத்து, தொண்டைத் தண்ணி வற்ற விசிலடித்து வந்தார். அணி ஜெயித்தால் ஊர் என்ன சொல்லும்? "என்னா ஆளைப் பிடிச்சிருக்காங்க பாத்தியா!" என்று சொல்லும். அணி தோற்றால்? "கோச் சரியில்ல" என்று சொல்லும். ஜெயித்த மறுநாள் மாலை ஆள்பிடி கமிட்டித் தலைவர் வியாகுலப்பனின் கழுத்தில் விழும், தோற்ற மறுநாள் ஊர்ச்சிரிப்பு பெர்க்மான்ஸின் தலையில் விழும், இதுவே இருபத்திரண்டு வருசத்துக் கதை. பொறாமை என்று யாராவது சொன்னால் பெர்க்மான்ஸ் அடிக்க வருவார். நாம் தூரத்தில் இருப்பதால் சொல்லலாம். பொறாமைதான். வயிற்றுக்குள் அடுப்பு வைத்த மாதிரிப் பொறாமை.

வியாகுலப்பனுக்குச் சொந்தமாக ஒரு கரைமடி இருந்தது. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போடுகிற பெரிய வலை. அதன் இரண்டு பக்கமும் கம்பா என்று சொல்லப்படுகிற நீளக் கயிறு. ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று கரையிலிருந்து இழுக்க வேண்டும். அந்த இழுப்புக்கும் ஒரு வழக்கம் உண்டு. கம்பா முழுக்கக் கரையேறிச் சுருட்டப்படுகிற வரைக்கும் யார் அதில் கை வைத்தாலும் அவருக்கு ஒரு பங்கு. காலையிலிருந்து இழுத்தவனுக்கும் பங்கு, கடைசி ஒரு பாகம், அதாவது இரண்டு கை விரித்த நீளம், பாக்கி இருக்கும்போது வந்து தொட்டவனுக்கும் பங்கு. கடுதாசி கொடுக்க வந்த தபால்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை போட்டு, குழம்புக்கு மீனோடு போன நாட்கள் எல்லாம் உண்டு.

ஆவணி மாசத்து ஒரு புதன்கிழமை காலையில், பயிற்சிக்கு வரவேண்டிய பையன்கள் எல்லாரும் நெத்திலி பாடு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு கம்பா இழுக்க ஓடிப்போய்விட, பெர்க்மான்ஸ் தன்னந்தனியாக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருக்க, நாற்பத்து மூன்று பேர் ஏலேலோ போட்டு இழுத்த வியாகுலப்பனின் மடிக்குள்ளே, மூன்று வள்ளம் நிறைகிற நெத்திலிக்கு நடுவே, இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் பனியன் போட்டிருந்தான். முதுகில் ஒன்பது என்று எழுதியிருந்தது. காலில் பூட்ஸ் இருந்தது, அதன் கயிறு ஒழுங்காக இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அவன் எழுந்து நின்று, காதுக்குள் போயிருந்த இரண்டு நெத்திலியைத் தட்டிவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "எந்தப் பக்கம் கோல்?" என்று கேட்டான்.

"மீனை மிதிக்காம இறங்கு மக்கா, அப்புறம் கோல் போடலாம்" என்றாள் கமிட்டியில் ஒருத்தியான மீன்காரி பிலோமி.

அதற்குமேல் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நெத்திலி விலை இறங்கிவிடுமோ என்ற கவலைதான் கரையில் பெரிதாக இருந்தது. கம்பாவில் தானும் ஒரு கை போட்டிருந்த பங்குச்சாமியார் முன்னால் வந்து, ஞானஸ்நானம் வாங்கியாச்சா என்று கேட்டார். அவனுக்கு அது என்னவென்று தெரியாததால் கடல் தண்ணீரையே மந்திரித்துத் தெளித்து பேதுரு என்று பெயர் வைத்தார். ஊர் அவனை நெத்திலி என்றே கூப்பிட்டது. அந்தக் களேபரத்தில், இழுத்துக் கரையில் போட்டிருந்த மேற்குக் கம்பாவின் வாலை ஓர் அலை வந்து இழுத்துக்கொண்டுபோய்க் கடலுக்குள் நிற்கும் குருசுப்பாறைக்கு அடியில் செருகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. மீன் கெட்டுப்போகும் என்று வியாகுலப்பன் அந்த இடத்தில் கயிற்றை வெட்டி, வள்ளங்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வெள்ளை மிதவையைக் கட்டி, பத்துப் பாகம் கம்பாவைக் கடலிலேயே விட்டுவிட்டார். சின்ன விசயம்தான். எல்லாரும் மறந்துபோனார்கள்.

ஆளை எப்படிப் பங்கு வைப்பது? அதற்கும் ஊரில் வழி இருந்தது. இழுத்த நாற்பத்து மூன்று பேர் வீட்டிலும் முறைவைத்து நாளுக்கு ஒரு வீடாக நெத்திலி மத்தியானச் சோறு சாப்பிடுவான். ஆட்டத்தில் அவன் எப்படி ஆட வேண்டும் என்று சொல்ல நாற்பத்து மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வாய் உண்டு. வலைக்காரர் என்பதால் வியாகுலப்பனுக்கு இரண்டு வாய். தபால்காரர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். அந்த வருத்தம் அவருக்குச் சாகும் வரை இருந்தது.

பெர்க்மான்ஸுக்கு வருத்தம் வேறு. மறுநாள் காலையில் நெத்திலி மைதானத்துக்கு வந்து பந்தைத் தொட்ட ஒரு நிமிசத்திலேயே, இருபத்திரண்டு வருசமாகத் தான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரன் இவன்தான் என்று அவருக்குத் தெரிந்துபோனது. பந்து அவன் காலைத் தேடி வந்தது. அவர் அவனிடம் போய், "மக்கா, இங்க வா" என்றார். அவன் திரும்பவில்லை. விசிலடித்தார். மற்ற பையன்கள் நின்றதைப் பார்த்துத்தான் அவனும் நின்றான். நேரே எதிரில் போய் நின்றார், அவன் ஓடிவந்து அவர்மேல் மோதி, விழுந்து எழுந்து, பக்கத்தில் நின்ற ஆட்டக்காரப் பையன் கான்ஸ்டனிடம், "காத்து பலமா இருக்கு இல்ல?" என்றான்.

ஊர்க்காரர்களில் கம்பாவைத் தொட்டவர்கள்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தார்கள், அவர்கள் பேச்சுத்தான் அவனுக்குக் கேட்டது. தொடாதவர்கள் நின்ற இடத்தில் அவனுக்கு மணல்தான் தெரிந்தது. ஊர் இதை ஒரு நாளிலேயே புரிந்துகொண்டது. இழுக்காதவனுக்குப் பங்கு ஏது, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்றது. வீட்டுக்கு ஒருவர் தொட்டால் வீடே தொட்ட கணக்கு. தனியாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த ரெண்டு பேர், தபால்காரர், கோச், கோச்சின் பெண்சாதி லில்லிபாய், இவ்வளவு பேர்தான் கம்பா தொடாதவர்கள். லில்லிபாய்க்குக் கவலையே இல்லை. "அவன் என்னைப் பாக்கல, நான் அவனுக்குச் சோறு போடல, கணக்குத் தீந்துபோச்சு" என்றாள். ஆனால் கோச்சுக்குத் தீருமா? தான் போட்ட கோட்டின்மேல் அவன் ஓடுகிறான், தான் பழக்கிய பையன்கள் கொடுக்கும் பந்தை அவன் வாங்குகிறான், தான் ஊதிய விசிலுக்கு ஆட்டம் தொடங்குகிறது, அவன் கண்ணில் மட்டும் அவர் இல்லை. அவனுக்குச் சோறு போடுகிற நாற்பத்து மூன்று வீட்டையும் பெர்க்மான்ஸ் வீதியில் நடக்கும்போது எண்ணிக்கொண்டே போவார். சாளை பொரிக்கும் வாசனை வந்தால் இன்றைக்கு இந்த வீடு என்று நின்று, ஜன்னல் வழியே அவன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவார். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க விடாத சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கிற தகப்பன் அப்படித்தான் நிற்பான்.

அந்த வருசத்துக் கோப்பை ஆட்டங்களில் அணி ஜெயித்துக்கொண்டே போனது. ஆறு ஆட்டத்தில் நெத்திலி பதினாலு கோல் போட்டான். வியாகுலப்பனின் வீட்டுச் சுவரில் மாலை மாட்ட ஆணி போதவில்லை. பெர்க்மான்ஸுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது: எதிரணிக்காரன் முட்டாள் இல்லை, கோலுக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்கிறவனைச் சுற்றி ஒருநாள் வேலி கட்டிவிடுவான். அவனைப் பின்னால் வரச் சொல்ல வேண்டும், அவன் பின்னால் வந்தால் காவல்காரர்களும் கூடவே வருவார்கள், அங்கே இடம் திறக்கும், கான்ஸ்டன் உள்ளே போவான். கோச்சின் பேச்சை அவனிடம் கொண்டுபோக வியாகுலப்பனை மீறி யாருக்கும் துணிவில்லை, அதனால் இதைச் சொல்ல அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஏழாவது ஆட்டத்தில் கோட்டோரம் நின்ற வியாகுலப்பனிடம் போனார்.

"வேய் வியாகுலம், அவனைக் கொஞ்சம் பின்னால வரச் சொல்லும்."

"எதுக்கு?"

"ரெண்டு பேரு அவனை ஒட்டிக்கிட்டு நிக்கான் பாத்தீரா? இவன் வந்தா அவனுவளும் வருவான். பின்னால இடம் கெடக்கும்."

வியாகுலப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு கையை வாயருகே குவித்து, "லே நெத்திலி! கோலுக்கு முன்னாலயே நில்லு! ஒரு அடி அசையாத!" என்று கத்தினார்.

"நான் சொன்னது என்ன, நீரு சொல்லுதது என்ன?"

"பெர்க்மான்ஸு, பாடு பட்டுப் பிடிச்ச மீனை எவனாவது பின்கட்டுல கொண்டு வப்பானா? நான் கொண்டாந்த ஆளு. எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப நான் எதுக்குவேய் இங்க நிக்கேன்?"

"அதைத்தான் கமிட்டியிலயும் கேக்காவ" என்றார் வியாகுலப்பன்.

அந்த ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அடுத்ததும் அப்படித்தான்; டாஸ் போட்டு இறுதிக்குப் போனார்கள். கோச் சரியில்லை என்று ஊர் சொல்லத் தொடங்கியது. சனிக்கிழமை ஆள்பிடி கமிட்டி வலைக் கொட்டகையில் கூடி, இறுதியாட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் கோச்சை மாற்றிவிடுவது என்றும், புதுக் கோச்சை வெளியில் தேட வேண்டியதில்லை, அடுத்த தடவை கரைமடி வளைக்கும்போதே பிடித்துவிடலாம் என்றும் முடிவு செய்தது. வியாகுலப்பனின் மச்சினன் அப்போதே போய் மடியின் வலைக்கண்ணியைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கட்டினான், கோச் என்றால் தொப்பை இருக்கும் என்று.

இது பெர்க்மான்ஸின் காதுக்கு வந்தபோது அவர் சோறு தின்னவில்லை. லில்லிபாய் முற்றத்தில் உட்கார்ந்து அயிலை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேக்குக் கம்பாவுல பத்துப் பாகம் இன்னும் பாறைக்கடியில கெடக்கு. தெரியுமா உனக்கு?"

"கெடந்தா என்ன?"

"கம்பா முழுக்கக் கரையேறாம இழுப்பு முடியாது. வழக்கம் அதுதான. அன்னைக்குள்ள இழுப்பு இன்னும் முடியல. இப்ப நான் போயி ஒரு கை போட்டாலும் எனக்குப் பங்கு உண்டு. அவனுக்கு நான் தெரிவேன்."

லில்லிபாய் கத்தியை நிறுத்தினாள். "இழுத்தா நீங்க பிடிக்கிற ஆளு. அப்புறம் கோச் இல்ல. அது தெரியுமா?"

"கோச் வேலைதான் எப்படியும் போவுதே."

"இன்னொண்ணும் சொல்லுதேன் கேளுங்க. மிச்சக் கயித்தை இழுத்தா என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? வந்ததே போனாலும் போவும்." பிறகு அயிலையின் வயிற்றைக் கீறிக்கொண்டே, "உங்களுக்கு அந்தப் பையன் வேணுமா, இல்ல வியாகுலண்ணனுக்கு அவன் இல்லாமப் போணுமா? அதை மொதல்ல முடிவு பண்ணுங்க" என்றாள்.

பெர்க்மான்ஸ் எழுந்து போய், இறுதியாட்டத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்பு கரைத்தார்.

இறுதியாட்டம் சிலுவைத்துறை மைதானத்திலேயே நடந்தது. மைதானத்தின் மேற்குக் கோடு முடிகிற இடத்தில் கடற்கரை தொடங்கும், கரை முடிகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குருசுப்பாறை. எதிரே பள்ளந்துறை அணி. அவர்கள் நெத்திலிக்கு இரண்டு பேரை இல்லை, மூன்று பேரைக் காவல் வைத்தார்கள். நாற்பத்து மூன்று பங்காளிகளும் கோட்டோரம் நின்று நாற்பத்து நாலு வாயால் கத்தினார்கள். இடப்பக்கம் போ என்றது ஒரு வாய், வலப்பக்கம் என்றது ஒரு வாய், அடி என்றது, கொடு என்றது, குனி என்றது, குதி என்றது, நேத்து எங்க வீட்டில் தின்ற சோத்துக்காவது ஓடு என்றது. நெத்திலி எல்லா வாய்க்கும் கீழ்ப்படிய முயன்று, ஒரு கால் கிழக்கேயும் ஒரு கால் மேற்கேயும் போக, மூன்று தடவை தானே தடுக்கி விழுந்தான். பள்ளந்துறை ஒரு கோல் போட்டது.

இடைவேளையில் கமிட்டிக்காரர்கள் அவனைச் சுற்றி நின்று விசிறினார்கள். பெர்க்மான்ஸ் நறுக்கிய எலுமிச்சம்பழத் தட்டை ஏந்திக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு வெளியே நின்றார். வியாகுலப்பன் அவரைப் பார்க்காமலேயே தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து நெத்திலியின் வாயில் வைத்தார். நெத்திலி அதைச் சப்பிக்கொண்டே வியாகுலப்பனைப் பார்த்துச் சிரித்தான். நறுக்கியது யார், உப்புத் தடவியது யார்? அந்தச் சிரிப்பை பெர்க்மான்ஸால் தாங்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தார், விசிலைக் கழற்றித் தட்டில் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் நடந்தார்.

மிதவை அவர் நெஞ்சுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. நாலு பேர் இழுத்து வராத கம்பா அவருடைய ஒரு கைக்கு அசைந்து கொடுத்தது. வயிற்றெரிச்சலுக்கு அவ்வளவு பலம் உண்டு. அவர் கரைக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு பாகம் இழுத்தார்.

அதே நேரம், இரண்டாம் பாதி தொடங்கிய மைதானத்தில், கோலுக்கு முன்னால் நின்ற நெத்திலி யாரோ பனியனைப் பிடித்து இழுத்த மாதிரி நாலு அடி பின்னால் வந்தான்.

"லே, முன்னால போ!" என்று நாற்பத்து நாலு வாயும் கத்தின. அவன் போகப் பார்த்தான். பெர்க்மான்ஸ் இரண்டாவது பாகத்தை இழுத்தார். அவன் இன்னும் ஆறடி பின்னால் வந்தான். மூன்று காவல்காரர்களும் அவனோடு வந்தார்கள், கோலுக்கு முன்னால் ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு இடம் திறந்தது, பந்து நெத்திலியின் காலுக்கு வந்தது, அவன் நிமிராமலேயே அதைத் தள்ளிவிட்டான், ஆறு வயசிலிருந்து பெர்க்மான்ஸிடம் பழகிய கான்ஸ்டன் அந்த இடத்துக்குள் ஓடிக் கோல் போட்டான். ஊர் கத்திய சத்தத்தில் பாறையிலிருந்த காக்கை எல்லாம் கிளம்பின.

பெர்க்மான்ஸுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நெத்திலிதான் போட்டிருப்பான் என்று நினைத்தார். வியாகுலப்பன் கழுத்தில் இன்னொரு மாலை என்று நினைத்தார். அந்த நினைப்பில் மூன்று பாகத்தை ஒரே மூச்சில் இழுத்தார். நெத்திலி நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தான். அவனைக் காவல் காக்க வந்தவர்கள் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் நின்றார்கள். கான்ஸ்டன் இரண்டாவது கோலையும் போட்டான். மறுபடியும் ஊர் கத்தியது. பெர்க்மான்ஸ் மறுபடியும் இழுத்தார். அவர் கை கிழிந்து ரத்தம் உப்பில் எரிந்தது, வயிறு அதைவிட எரிந்தது. அவர் இழுக்க இழுக்க நெத்திலி மேற்குக் கோட்டைத் தாண்டி, விலகி வழிவிட்ட கூட்டத்தைத் தாண்டி, முதுகுப்பக்கமாகவே மணலில் நடந்து வந்தான். காலில் தண்ணீர் பட்டபோது திரும்பினான்.

திரும்பி, தனக்கு எதிரே இடுப்பளவு தண்ணீரில் கம்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசனைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான்.

"நீங்கதானா?" என்றான் நெத்திலி.

பெர்க்மான்ஸ் கம்பாவை விடாமல் திரும்பினார். அதற்குள் வியாகுலப்பன் மணலில் விழுந்தடித்து ஓடி வந்தார். அவர் கண் முதலில் கயிற்றைப் பார்த்தது. ஒரே ஒரு பாகம் கடலுக்குள் பாக்கி இருந்தது.

"வேய் பெர்க்மான்ஸு, இழுக்காதயும். இழுக்க இழுக்க அவன் கடலுக்குள்ளதான வாறான், முழுக்க இழுத்தா போயிருவான்வேய்!"

"போவட்டும்" என்றார் பெர்க்மான்ஸ். "உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இருபத்திரண்டு வருசம் நான் வளத்ததுக்கெல்லாம் நீரு மாலை போட்டீரு. நான் வயிறெரிஞ்சு செத்துக்கிட்டிருக்கேன்வேய், தெரியுமா உமக்கு?"

வியாகுலப்பன் தண்ணீருக்குள் இறங்கினார். மாலைபோட்டுப் பழகிய கழுத்து அன்றைக்கு வெறுமையாக இருந்தது.

"எனக்கு எரியலன்னா நினைக்கீரு? எத்தனை பேரைக் கொண்டாந்திருக்கேன். ஒருத்தனாவது என்னைத் தேடி வந்தானா? கல்யாணப் பத்திரிகை உமக்கு மொதல்ல வருது. பெத்த அப்பனைவிட உம்மைத்தான் கோச், கோச்னு சுத்துதானுவ. என்னை அவனுவ என்னன்னு கூப்பிடுவான்? கூப்பிட ஒரு பேரு உண்டா எனக்கு?" அவர் நெத்திலியைக் காட்டினார். "இவன் எங்க வீட்டுல சோத்துக்கு உக்காந்த மொத நாளு என்ன கேட்டான் தெரியுமா? 'எல்லாரும் கோச் கோச்னு சொல்லுதாங்களே, அவரு எங்க? எப்ப வருவாரு?' எல்லா வீட்டுலயும் அதையேதான் கேட்டிருக்கான். சொல்லக் கூடாதுன்னு நாப்பத்தி மூணு வீட்டுக்கும் நான்தான்வேய் சொல்லி வச்சேன்."

அலை ஒன்று வந்து மூன்று பேரையும் நனைத்துவிட்டுப் போனது. மைதானத்தில் யாரோ விசிலடித்து ஆட்டத்தை முடித்தார்கள்.

"கையை விட்டிரும்" என்றார் வியாகுலப்பன். "கயிறு உள்ளயே போவட்டும். இழுத்தது திரும்பிப் போனா இழுக்காத கணக்குதான். நீரு தொடலன்னு நான் சாமியார் முன்னால சாட்சி சொல்லுதேன். நீரே கோச். அடுத்த வருசமும் நீரே. ஆனா விட்டா…"

அவர் முடிக்கவில்லை. விட்டால் பையனின் கண்ணுக்கு மறுபடியும் மணல்தான் தெரியும் என்பது மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.

பெர்க்மான்ஸ் நெத்திலியைப் பார்த்தார். தலைமுடியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் பார்த்தார். வலது பூட்ஸின் கயிறு அவிழ்ந்திருந்தது. இவ்வளவு நாளும் எத்தனையோ சொல்ல வைத்திருந்தார், திட்டவும் வைத்திருந்தார், எல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

"மக்கா" என்றார். "பந்து வரும்னு காத்துக்கிட்டு நிக்காத. பின்னால வா. வந்து வாங்கு."

"சரி கோச்" என்றான் நெத்திலி.

பெர்க்மான்ஸ் கையை விட்டார். கம்பா பாம்பு மாதிரி விறுவிறுவென்று அவர் காலைச் சுற்றி ஓடிப் பாறைக்கடியில் போய்ச் செருகிக்கொண்டது. நெத்திலியின் கண் அவர் முகத்திலிருந்து மெல்ல நழுவி, அவருக்குப் பின்னால் இருந்த கடலில் போய் நின்றது.

"இங்க ஒருத்தரு நின்னாரே, எங்க போனாரு?" என்று அவன் வியாகுலப்பனிடம் கேட்டான்.

வியாகுலப்பன் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பெர்க்மான்ஸைப் பார்த்தார். சொல்ல அவருக்கு மனசே வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்.

"அவருதான்ல கோச். இங்கதான் நிக்காரு."

அப்படித்தான் கோப்பை சிலுவைத்துறைக்கு வந்தது. கான்ஸ்டன் போட்ட இரண்டு கோலுக்கும் மாலை வியாகுலப்பனுக்குத்தான் போட்டார்கள். நெத்திலியைப் பின்னால் வரச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஊர் கேட்டபோது, வியாகுலப்பன் கொஞ்சம் இருமிவிட்டு, "நான்தான், வேற யாரு?" என்றார். பெர்க்மான்ஸ் மறுத்துப் பேசவில்லை. ஊரின் கண் ஆட்டத்தின்மேலேயே இருந்ததால் கடலில் நடந்தது யாருக்கும் தெரியாது; பேசினால் கம்பா தொட்ட கதை வெளியே வரும். புதுக் கோச்சுக்காகப் பெரிதாக்கின கண்ணி வழியே அந்த வருசம் சாளை எல்லாம் தப்பிப் போனது, அவ்வளவுதான்.

நெத்திலி இப்போதும் ஆடுகிறான். யாரும் சொல்லாமலேயே பின்னால் வந்து பந்து வாங்குகிறான். ஆட்டம் தொடங்குமுன் ஆளில்லாத கோட்டோரத்தைப் பார்த்து, "வாறேன் கோச்" என்று சொல்லிவிட்டுப் போவான், பாதி நாள் தப்பான பக்கத்தைப் பார்த்து. வெள்ளை மிதவையும் அங்கேயேதான் ஆடிக்கொண்டிருக்கிறது. பெர்க்மான்ஸ் சில நாள் காலையில் அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்குவார், நிற்பார், திரும்பி வந்து சுண்ணாம்பு கரைப்பார். ஊருக்கு அது பழகிவிட்டது. கோச்சின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தால் நேற்று நெத்திலி கோல் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். இடுப்பு வரை நனைந்திருந்தால் அந்தக் கோலுக்கு வியாகுலப்பன் மாலை வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.